‘போர்டு போச்சு’ என்று சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள்: வாஷிங் மெஷினால் நாங்கள் ஏமாந்த கதை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சென்னை மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு துணி சேரும் என்று தெரியும்தானே. மழையில் எதுவும் காயவும் இல்லை. மெஷின் ஒருநாள் நின்றாலும் வீடு நாறிப்போகும் என்ற நிலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துவைத்துக்கொண்டிருந்த மெஷின் பாதியில் நின்றது. முன்பக்கம் கதவு வைத்த மெஷின். கண்ணாடியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பீப் சத்தம் விடாமல் வருகிறது, திரையில் இரண்டு எழுத்து மின்னுகிறது. கதவும் திறக்கவில்லை. மெஷினின் நிறுவனத்தை நான் இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல.

நான் செய்த முதல் தவறு, அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்க்காதது. மெஷினோடு வந்த புத்தகம் அலமாரியில்தான் இருந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்ததால், ஃபோனை எடுத்து நிறுவனத்தின் பெயரும் ‘சர்வீஸ் சென்டர்’ என்ற சொல்லும் எங்கள் ஏரியா பெயரும் போட்டுத் தேடி, எல்லாவற்றுக்கும் மேலே வந்த எண்ணை அழைத்துவிட்டேன். எடுத்த பெண் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். “கம்பெனி சர்வீஸ்தானே?” என்று கேட்டேன். “ஆமா மேடம், உங்க ஏரியாவுக்கு நாங்கதான்” என்றார். வந்து பார்க்க 350 ரூபாய்.

இரண்டு மணி நேரத்தில் ஒருவர் வந்தார். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. முப்பது வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். நேராக மெஷினின் மேல் தகட்டைக் கழற்றினார். ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “போர்டு போச்சு மேடம். புதுசு 9,800 ஆகும். குழந்தை இருக்கிற வீடு, உங்களுக்காக ரிப்பேர் பண்ணித் தரேன், 4,500” என்றார். போர்டு என்றால் மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் சர்க்யூட் பலகை. அதைச் சோதிக்க மீட்டர் எதையும் அவர் வெளியே எடுக்கவில்லை. மெஷினின் பின்பக்கத்தையோ கீழ்ப்பக்கத்தையோ பார்க்கவே இல்லை.

அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, தண்ணி போகலன்னா பைப்புல அடைப்பா இருக்காதா?”

“இல்லம்மா, இது கம்ப்யூட்டர் மெஷின். போர்டு சொன்னாத்தான் தண்ணி போகும்.”

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அவர் பக்கம் நான் நின்றிருக்க வேண்டும்.

போர்டைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டார். 350-உம் முன்பணம் 2,500-உம் அவர் காட்டிய க்யூஆர் கோடில் செலுத்தினேன். திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு, “ஆபீஸ் ஸ்கேனர் வேலை செய்யல” என்றார். அதையும் நம்பினேன். உள்ளே இருக்கும் தண்ணீரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, போர்டு வந்தால்தான் வெளியேறும் என்றார்.

நான்கு நாள். குழந்தையின் துணி நான்கு நாள் அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது. இரண்டாவது நாளே வாடை வர ஆரம்பித்துவிட்டது. மீதித் துணியை எல்லாம் அம்மா குளியலறையில் உட்கார்ந்து கையால் துவைத்தார். அந்தத் தண்ணீரைப் பத்து நிமிடத்தில் வெளியே எடுக்க மெஷினிலேயே வழி இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் பணத்தைவிட இதில்தான்.

சனிக்கிழமை வந்தார். போர்டை மாட்டினார். அப்புறம் அம்மாவிடம் ஒரு பக்கெட்டும் பழைய துணியும் கேட்டார். என்னை, “ஹால்ல மெயின் ட்ரிப் ஆகுதான்னு பார்த்துக்கிட்டே நில்லுங்க மேடம்” என்றார். நான் போய் நின்றேன். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோது தண்ணீர் எல்லாம் வெளியேறி இருந்தது, மெஷின் சுற்றியது. மீதி 2,000 வாங்கிக்கொண்டு, ஒரு பில் கொடுத்து, மூன்று மாதம் கேரண்டி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மெஷினுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. மழைக்கால ஈரம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது நாள் அம்மா அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. குழந்தை அப்போது அவர் கையில் இல்லை. ஒன்பதாவது நாள் அதே இரண்டு எழுத்து, அதே பீப். அந்த ஆளை அழைத்தேன். “இப்ப பம்ப்பு போயிருக்கும் மேடம், அது கேரண்டில வராது, 3,200 ஆகும்” என்றார்.

அன்று மாலை எங்கள் வாட்ச்மேன் சொல்லி, கூட்டு ரோட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடமாக இதே வேலை. அவர் மேலே எதையும் தொடவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் முன்பக்கம் வலது கீழ் மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். மூன்று வருடமாக அந்த மெஷினை வைத்திருக்கிறேன், அந்த மூடியை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் குழாய், பக்கத்தில் திருகு போட்ட ஃபில்டர். குழாயின் அடைப்பானை எடுத்துத் தண்ணீரைத் தட்டில் விட்டார். அப்புறம் ஃபில்டரைத் திருகி எடுத்து, விரலை உள்ளே விட்டு இழுத்தார். வந்தது என் மகனின் ஒற்றைக் காலுறை. அதோடு இரண்டு கொண்டை ஊசி.

“இதை யாரோ முன்னாடியே திறந்திருக்காங்கம்மா. மரை ஏறாம கோணலா மாட்டியிருக்காங்க, அதான் கசிஞ்சிருக்கு” என்றார். அப்போதுதான் பக்கெட்டும் பழைய துணியும் எதற்கு என்று புரிந்தது. அந்த ஆளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் போர்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். முன்னால் கிடந்ததை மட்டும் எடுத்துவிட்டுக் குழாய்க்குள் இருந்த காலுறையை விட்டுவிட்டிருக்கிறார்.

போர்டையும் பார்க்கச் சொன்னேன். இந்த மெஷின்களின் போர்டு மீது ஈரம் படாமல் இருக்கப் பிசின் மாதிரி ஒன்றை ஊற்றி உறைய வைத்திருப்பார்கள். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பிசினை வெட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் போர்டில் ஒரு கீறல்கூட இல்லை. 4,500 ரூபாய்க்கு அது நான்கு நாள் ஒரு பையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. பெரியவர் வாங்கியது 300 ரூபாய்.

மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருந்த உண்மையான நிறுவன எண்ணை அதன்பிறகு அழைத்தேன். எங்கள் மெஷினின் சீரியல் எண்ணில் அந்த மாதம் எந்தப் புகாரும் பதிவாகவில்லை, யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன், 13 எழுத்துதான். உண்மையான எண்ணில் 15 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பில்லை முதலிலேயே கேட்டு வாங்கி, பணம் கொடுப்பதற்கு முன் இதை நான் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.

இனி, யாரையும் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். பெரியவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதும், மெஷினின் புத்தகத்தைப் பிறகு வரி வரியாகப் படித்ததும்தான் இது.

திரையில் வரும் எழுத்தை முதலில் ஃபோட்டோ எடுங்கள். எல்ஜி மெஷின்களில் ஓஇ (OE) என்றால் தண்ணீர் வெளியே போகவில்லை, ஐஇ (IE) என்றால் உள்ளே வரவில்லை, யூஇ (UE) என்றால் துணி ஒருபக்கமாகச் சேர்ந்துவிட்டது, டிஇ (dE) என்றால் கதவு சரியாக மூடவில்லை. சாம்சங்கில் 5சி (5C) அல்லது 5இ (5E) என்றால் தண்ணீர் வெளியேற்றத்தில் கோளாறு, 4சி (4C) அல்லது 4இ (4E) என்றால் தண்ணீர் வரத்தில் கோளாறு. மற்ற நிறுவனங்களுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதல் காரணம் போர்டு இல்லை.

தண்ணீர் வெளியேறாவிட்டால், ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள், இதில் அவசரம் வேண்டாம். கீழ் மூடியைத் திறந்து, அகலமான தட்டு ஒன்றை வைத்து, அந்த ரப்பர் குழாய் வழியாக முதலில் தண்ணீர் முழுவதையும் வடியுங்கள். தட்டு நிறைய நிறைய அடைத்து அடைத்துத் திறக்க வேண்டும், பொறுமை வேண்டும். சில மெஷின்களில் அந்தக் குழாய் இருக்காது, அப்போது ஃபில்டரையே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வடிக்க வேண்டும். வடிந்த பிறகு ஃபில்டரை முழுதாகக் கழற்றி, டார்ச் அடித்து அந்தத் துளைக்குள் பாருங்கள். உள்ளே சின்ன விசிறி மாதிரி ஒன்று தெரியும், அதுதான் பம்ப்பின் சக்கரம். விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடாது, விட்டு விட்டுத்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுது அல்ல. முடி, நூல், காசு எது சிக்கியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மரை நேராக ஏறுகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். எங்கள் வீட்டில் அம்மா விழுந்தது இந்த ஒரு மரையால்தான். வெளியே போகும் பைப் மடங்கியிருக்கிறதா, அதன் நுனி சாக்கடைத் துளையில் அளவுக்கு மீறி ஆழமாகச் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குழந்தையின் காலுறை, கைக்குட்டை போன்றவை கதவு ரப்பருக்கும் ட்ரம்முக்கும் இடையே நழுவி உள்ளே போய்விடும். ஜிப் வைத்த வலைப்பையில் போட்டுத் துவைப்பது நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

தண்ணீர் உள்ளே வராத பிரச்சினை எங்கள் பக்கத்தில் மிகவும் அதிகம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் இங்கே. குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்னால் பைப் மாட்டும் இடத்தைத் திருகிக் கழற்றினால் ஒரு சின்ன வலை தெரியும். மணலும் உப்பும் அதில் படிந்து அடைத்திருக்கும். கட்டிங் பிளேயரால் மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் படிவை நீக்கும் பொடியை அதன் உறையில் சொன்னபடி போட்டுக் காலி மெஷினை அவ்வப்போது ஓட்டுங்கள். சிட்ரிக் அமிலத்தையோ அந்தப் பொடிகளையோ பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

மெஷின் நடுங்கி நகர்ந்தால், ஒற்றைப் போர்வை மட்டும் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள், கூட இரண்டு துண்டு போட்டாலே சரியாகலாம். நான்கு காலும் தரையில் சமமாக நிற்க வேண்டும். புது மெஷின் என்றால், லாரியில் வரும்போது ட்ரம் ஆடாமல் இருக்கப் பின்னால் மாட்டிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். மெஷின் நின்றதும் கதவு திறக்கவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பூட்டு விடுபட அவ்வளவு நேரம் ஆகும், இழுத்து உடைத்துவிடாதீர்கள்.

ஆனால் சிலவற்றில் கை வைக்கவே கூடாது. தொட்டால் ஷாக் அடிக்கிறது, சுடுதண்ணீர் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிறது, கருகிய வாடை வருகிறது, எலி அடிப்பக்கமாக ஏறி ஒயரைக் கடித்திருக்கிறது என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால், மோட்டார் சுற்ற உதவும் கெபாசிட்டர் என்ற பாகம் காரணமாக இருக்கலாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கூப்பிடும்போது மெஷினின் ஸ்டிக்கரிலோ வாரண்டி அட்டையிலோ இருக்கும் எண்ணை மட்டும் கூப்பிடுங்கள். புகார் எண் உங்கள் ஃபோனுக்கு வந்த பிறகே ஆளை உள்ளே விடுங்கள். எந்தப் பாகத்தையும் வீட்டை விட்டு எடுத்துப் போக விடாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் அந்தப் பாகத்தை, அதன் ஸ்டிக்கர் தெரியும்படி, இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்துவிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். நல்ல போர்டை எடுத்துக்கொண்டு வேறு மெஷினின் பழைய போர்டை மாட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது என்று பெரியவர் சொன்னார். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், மெயினைப் பார்க்க உங்களை யார் அனுப்பினாலும் போகாதீர்கள்.

என் பணம் இதுவரை திரும்பி வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறேன், நிறுவனம் போல நடித்துப் பணம் வாங்கியதற்காக சைபர் குற்ற உதவி எண் 1930-லும் சொல்லியிருக்கிறேன். 1930-ஐப் பணம் போன அன்றே அழைத்தால்தான் பயன் அதிகம், நான் தாமதித்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், யூபிஐ ரசீது, பேசிய எண்கள், அந்தக் காலுறையின் ஃபோட்டோ எல்லாம் ஒரு உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆளின் எண் இப்போது அணைந்து கிடக்கிறது, ஆனால் போன வாரம் தேடிப் பார்த்தபோது அதே பெண்ணின் குரல் வேறொரு எண்ணில், வேறொரு நிறுவனத்தின் பெயரில் வணக்கம் சொன்னது. அதைக் கேட்ட அன்றிரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.