ப்ரிஸ்மாஃப்ளெக்ஸ் எச்எஃப்20 செட்: சின்னக் குழந்தைகளுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிபி நிலைக்காத குழந்தைக்குச் சிறுநீரகமும் நின்றுவிட்டால், நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸான சிஆர்ஆர்டிதான் ஏற்றது. ப்ரிஸ்மாஃப்ளெக்ஸ் அதற்கான மெஷின், எச்எஃப்20 அதில் மாட்டும் ஃபில்டரும் குழாய்களும் சேர்ந்த செட். எந்த செட் எடுத்தாலும் முதல் கேள்வி, அதற்குள் எவ்வளவு ரத்தம் போய் நிற்கும் என்பதே. எச்எஃப்20 சுமார் 60 மி.லி. பிடிக்கும், அதைவிடப் பெரிய செட்டான எம்60 பிடிப்பது 93. 8 கிலோ குழந்தைக்கு உடம்பில் இருப்பதே 640 மி.லி. அளவு ரத்தம். 60 அதில் பத்து சதவீதத்துக்குள் அடங்குவதால் பெரும்பாலும் செட்டை முன்கூட்டியே ரத்த வங்கி ரத்தத்தால் நிரப்ப (ரத்த ப்ரைம்) தேவையில்லை. எம்60 என்றால் 15 சதவீதம் வெளியே போய்விடும்.

ரத்தத்தை வடிகட்டும் சவ்வும் நல்ல தேர்வு. எம்60-இல் உள்ள ஏஎன்69 சவ்வில், அமிலமேறிய ரத்த வங்கி ரத்தம் பட்டால் ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் பெருகி, இணைத்த சில நிமிடங்களிலேயே பிபி சரியும். எச்எஃப்20-இன் சவ்வு வேறு. அந்தப் பயம் இல்லை.

சிக்கல் எல்லாம் மெதுவான ஓட்டத்தில்தான். ரத்த ஓட்டத்தைக் கிலோவுக்கு 4 மி.லி. வைத்தால், 8 கிலோவுக்கு நிமிடத்துக்கு 32 மி.லி.தான். ரத்தம் வழியிலேயே குளிரும், ஆகவே வார்மர் கட்டாயம். திரும்பும் ரத்தத்திலிருந்து காற்றைப் பிரிக்கும் டீஏரேஷன் சேம்பரை டார்ச் அடித்துப் பாருங்கள்: ரத்தத்தின் மேல் தெளிந்த திரவம் ஓர் அடுக்காக நிற்க வேண்டும். ரத்தம் நேராகக் காற்றைத் தொட்டால் உறைதல் அங்கேயே தொடங்கும். அந்த அடுக்கைத் தருவது ஃபில்டருக்குப் பின் சேர்க்கும் திரவமான போஸ்ட் ரீப்ளேஸ்மென்ட். அதற்காகவே அதை முழுக்க நிறுத்தக் கூடாது.

72 மணி நேரம் ஓட வேண்டிய செட் பாதியில் அடைத்தால் ஃபில்டரைத் திட்டுகிறார்கள். முதலில் ரத்தம் எடுக்கும் கதீட்டரைப் பாருங்கள். 8 ஃப்ரெஞ்ச் பருமன், வலது கழுத்துச் சிரை என்றால் நிம்மதி. தொடையில் போட்டால் குழந்தை காலை மடக்கும்போதெல்லாம் ரத்தம் வரவில்லை என்று ஆக்சஸ் அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும், நின்ற ரத்தம் உறையும்.

செட்டில் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் ஓட்டினால், ஃபில்டருக்குப் பின் அயனிக் கால்சியம் (எதனுடனும் சேராத கால்சியம்) லிட்டருக்கு 0.25 முதல் 0.4 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குழந்தையின் மொத்தக் கால்சியத்தை அயனிக் கால்சியத்தால் வகுத்து 2.5-ஐத் தாண்டினால் சிட்ரேட் தேங்குகிறது. கல்லீரல் கெட்ட குழந்தையிடம் இதை அடிக்கடி பாருங்கள்.

திரவப் பைகளின் எடை கணக்கோடு பொருந்தாதபோது அடிக்கும் எடை அலாரத்தைக் காரணம் தேடாமல் அமுக்கிக்கொண்டே போவது ஆபத்து. கணக்கில் வராத 30 மி.லி. கூட 8 கிலோ குழந்தைக்கு ரத்த அளவில் 5 சதவீதம்.

8 கிலோவுக்குக் கீழே எச்எஃப்20-ஐப் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்றே இத்தாலியில் உருவான கார்பீடியம் மெஷின்தான் பொருத்தம். அது கிடைக்காத ஊரில், வயிற்றில் தடையில்லாத பச்சிளம் குழந்தைக்கு வயிற்றுக்குள் திரவம் விட்டுச் செய்யும் பெரிடோனியல் டயாலிசிஸ். வேறு வழியின்றி 5 கிலோவில் எச்எஃப்20 போட்டால் ரத்த ப்ரைம் வேண்டும். அப்படி ப்ரைம் செய்த செட்டைக் கழற்றும்போது ரத்தத்தைத் திருப்பி ஏற்றாதீர்கள், அந்த 60 மி.லி. அப்படியே கூடுதல் சுமையாகிவிடும்.