பேக்கப் சர்வர் வாங்குவோர் கவனத்துக்கு: பெட்டி உங்களுடையது, அட்மின் யாருடையது?

அச்சகம், காலண்டர், லேபிள் என்று டிசைன் கோப்புகளை நம்பித் தொழில் நடத்தும் சிவகாசி நண்பர்கள், கோப்புகளின் நகல்களைச் சேமித்து வைக்கும் உங்கள் பேக்கப் சர்வரில் இன்றே ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். திரையில் அமைப்புகளை மாற்ற உதவும் ‘கண்ட்ரோல் பேனல்’ தெரியவில்லை என்றால், பெட்டிக்குப் பணம் கொடுத்தது மட்டும்தான் நீங்கள். அதை ஆள்வது வேறு யாரோ.

நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் வடிவமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பல ஆண்டு டிசைன்கள் கணினிகளில் சிதறிக் கிடந்ததால், வெளியூர் நிறுவனம் ஒன்றின் மூலம் சினாலஜி என்ற நிறுவனம் தயாரித்த, இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட பேக்கப் பெட்டி ஒன்றை வாங்கினோம். விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெயர் முக்கியமும் இல்லை. இதே வேலையைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் அழகாக அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ‘ஓனர்’ என்ற பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் இருந்தன. அந்தக் கணக்கில் கோப்பைத் திறக்கலாம், சேமிக்கலாம். புதிதாக ஒருவரைச் சேர்க்கவோ, டிஸ்க்கின் நிலையைப் பார்க்கவோ முடியாது. முழு அதிகாரம் உள்ள அட்மின் கணக்கைக் கேட்டதற்கு, “அண்ணாச்சி, அது பலர் கைக்குப் போனால் வைரஸ் புகுந்துவிடும். எங்களிடமே இருக்கட்டும், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல். இந்தப் பெட்டிகளின் கடவுச்சொற்களை ஊகித்து நுழைய ஒரு தாக்குதல் கூட்டம் முயல்கிறது என்று 2021 ஆகஸ்டில் சினாலஜி நிறுவனமே எச்சரித்தது. இந்தப் பெட்டிகளை இயக்கும் டிஎஸ்எம் மென்பொருளின் 7ஆம் பதிப்பிலிருந்து ‘அட்மின்’ என்ற பெயருள்ள கணக்கு தொடக்கத்திலேயே முடக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்தப் பெயரை மூடி வைப்பது சரி. ஆனால் வேறு பெயரில், முழு அதிகாரத்தோடு, உரிமையாளருக்கு ஒரு கணக்கு இருந்தே ஆக வேண்டும். எங்களுக்குப் பெட்டியை விற்றவர்கள் அப்படி ஒரு கணக்கை உருவாக்கத்தான் செய்தார்கள், தங்களுக்கு.

கொஞ்ச காலம் கழித்துப் பெட்டியின் முகப்பில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. போன் செய்தோம். “கோப்புகள் நகலாகும்போது அப்படித்தான் எரியும்” என்றார்கள். உண்மையில் அது இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதாகிவிட்டது என்பதற்கான அறிகுறி. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அவர்களுடைய முகவரிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தன. பெட்டி எழுப்ப வேண்டிய பீப் ஒலியையும் அணைத்து வைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். பணத்துக்காக இழுத்தடிப்பதையாவது வியாபாரப் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒற்றை டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் உழைப்பைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொன்னதை என்னவென்று சொல்வது?

பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபோது இரண்டு மடங்கு தொகை கேட்டார்கள். முதலாளி, பேசி முடிவு செய்யலாம் என்றார். அதன் பிறகு ‘ஓனர்’ கணக்கு திறக்கவில்லை. தங்கள் ஊரில் இருந்தபடியே கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். ஆனி மாதம் அது. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியிடுவது இங்கே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து எங்கள் முதன்மை டிசைனரின் கணினியும் படுத்துவிட்டது.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ரீசெட் துளை ஒன்று உண்டு. உள்ளே நான்கு விநாடி அழுத்தி, ஒரு பீப் கேட்டதும் எடுத்துவிட்டால் அட்மின் கடவுச்சொல் நீங்கும், கோப்புகள் அழியாது. (உடனே இரண்டாவது முறையும் அழுத்திவிடாதீர்கள், மென்பொருளையே மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். வேறு நிறுவனப் பெட்டிகளில் அழுத்தும் முறை வேறு.) அழுத்தினோம், உள்ளே போனோம், பழுதான டிஸ்க்கின் கதையும் அப்போதுதான் வெளிவந்தது. ஆனால் டிசைன் கோப்புறை மட்டும் பூட்டியிருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை என்கிரிப்ட் செய்திருக்கிறார்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறார்கள். இப்படி ரீசெட் செய்தால் அந்த மாதிரிக் கோப்புறைகள் தானாக மூடிக்கொள்ளும். சாவி இல்லாமல் சினாலஜி நிறுவனத்தாலும் திறக்க முடியாது. சாவி பெட்டியை விற்றவர்களுடைய மடிக்கணினியில் இருந்தது. ஒப்பந்தத் தொகையோடு ‘மீட்புக் கட்டணம்’ என்று புதிதாக ஒன்றையும் சேர்த்துக் கேட்டார்கள்.

முதலாளி கொடுக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43இன் ‘எஃப்’ உட்பிரிவு, அணுகும் உரிமை உள்ளவரைக் கணினியை அணுகவிடாமல் தடுப்பதை இழப்பீட்டுக்குரிய செயலாகச் சொல்கிறது. அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இவற்றைக் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. ஆவணியில், ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் சாவிக் கோப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. அதற்குள் பழைய அச்சுத் தாள்களை ஸ்கேன் செய்து, பலவற்றைப் புதிதாக வரைந்து, சில டிசைன்களைக் கைவிட்டு ஆல்பத்தை வெளியிட்டு முடித்திருந்தோம்.

புதிதாக வாங்குபவர்கள் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், பெட்டியை அமைக்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் அட்மின் கணக்கால் அவருடைய கணக்கை முடக்கச் சொல்லுங்கள். முடக்க முடிந்தால்தான் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. பராமரிப்புக்கு வேண்டுமானால் அப்புறம் திறந்துவிடலாம். எச்சரிக்கை அஞ்சல் உங்கள் முகவரிக்கு வருகிறதா என்று சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். என்கிரிப்ட் செய்த கோப்புறை இருந்தால், சாவியை பென் டிரைவில் வாங்கி அந்தப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஒரு கோப்பை அழித்துவிட்டு பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இழப்பீடு கேட்டு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனு செய்யலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி அவர்தான். எங்கள் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பில், ஒப்பந்தத் தாள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான்.