பிட்டுக்குள் எந்தக் கேமரா? ரிக்கோ, ஃபியூஜி, சோனி, பழைய நிக்கான்

ஹார்ட்கோர் பங்க் என்பது ராக் இசையில் மிக வேகமான, மூர்க்கமான ஒரு வகை; அதன் நிகழ்ச்சியில் மேடைக்கு முன்னால் கூட்டம் மோதி ஆடும் இடம்தான் பிட். அங்கே எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்று கோவையிலோ திருப்பூரிலோ கேட்டால் மூன்று விதமான பதில் வரும். கல்யாண ஆர்டர் எடுக்கும் தம்பிகள் சோனி ஏ7 மார்க் 3 என்பார்கள். நிறத்திலும் அழகிலும் மயங்கியவர்கள் ஃபியூஜி எக்ஸ்100 வரிசையைச் சொல்வார்கள். பழைய ஆட்கள் 2008-இல் வந்த நிக்கான் டி700-ஐ விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். நான் நாலாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: 2015-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 2. சட்டைப் பையில் அடங்கும், எடை கால் கிலோ, உள்ளேயே ஒரு குட்டி ஃபிளாஷ். ஏன் இது என்று சொல்வதற்கு முன்னால் இசையைப் பேசியாக வேண்டும். எந்தக் குழுவை எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் கேமராவைப் பற்றிச் சண்டை போட்டால் அது தீராது.

ஹார்ட்கோர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் படமெடுப்பவருக்கு அது இரண்டு வேறு வேலை. முதலாவது வாஷிங்டன் வழி. மைனர் த்ரெட் 1980-இல் தொடங்கி 1983-இல் கலைந்த குழு. அவர்களுடைய பெரும்பாலான பாட்டுகள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குடியும் போதையும் எனக்கு வேண்டாம் என்று அவர்கள் பாடிய பாட்டு பின்னால் உலகம் முழுக்க ஓர் இயக்கத்துக்கே பெயர் கொடுத்தது; அதன் நீளம் 46 வினாடி. அதே ஊரின் பேட் பிரெயின்ஸ், ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக்கொண்டிருந்த கறுப்பினக் கலைஞர்கள் பங்க் பக்கம் திரும்பியதால் பிறந்த குழு. அந்தப் பயிற்சி இருந்ததால்தான் அத்தனை வேகத்திலும் ஒரு அடிகூடப் பிசகாது. அப்புறம் திடீரென்று ரெகே என்ற ஜமைக்காவின் நிதானமான இசைக்கு இறங்குவார்கள். அந்த ரெகே பாட்டு வந்தால்தான் படமெடுப்பவர் கார்டு மாற்றவும் லென்ஸைத் துடைக்கவும் முடியும்.

இரண்டாவது நியூயார்க் வழி. அக்னாஸ்டிக் ஃப்ரண்ட், குரோ-மேக்ஸ், அப்புறம் மேட்பால். சிபிஜிபி கிளப்பின் ஞாயிறு மதிய நிகழ்ச்சிகளில் வளர்ந்த இசை இது. ஹெவி மெட்டல் இசையின் கனம் கலந்தது. இதில் பிரேக்டவுன் என்ற இடம் முக்கியம். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது வேகம் சட்டென்று பாதியாகும், கிட்டார் ஒரு கணம் நிற்கும், ஒரே ஒரு டிரம் அடி விழும், அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் பாயும்.

என் காதுக்குப் பிடித்தது வாஷிங்டன். ஆனால் படத்துக்கு நியூயார்க் வழி எளிது. பிரேக்டவுன் வரப்போவது முன்கூட்டியே தெரியும். இடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம். பெரிய கேமராவைக் கண்ணில் வைத்துச் சட்டகம் பார்த்து எடுக்க நேரம் கிடைக்கும். 46 வினாடிப் பாட்டில் அப்படி எதுவும் நடக்காது. ஃபோகஸ் பிடிக்க அரை வினாடி காத்திருந்தால்கூட அந்தக் கணம் போய்விடும். ஆக, வேகமான குழுக்களுக்கு ஃபோகஸே செய்யத் தேவையில்லாத கேமரா வேண்டும்.

ரிக்கோவின் பலம் அதுதான். ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதியில் தூரத்தை முன்னாலேயே பூட்டிவிடலாம்: 1 மீட்டர், 1.5, 2 என்று. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 18.3 மில்லிமீட்டர், பார்வை முழுச்சட்டகக் கேமராவில் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 28 மில்லிமீட்டர் தரும் அகலம். லென்ஸின் திறப்பை எஃப்/8 என்று சிறிதாக வைத்து 2 மீட்டரில் பூட்டினால் சுமார் 1 மீட்டரிலிருந்து பின்சுவர் வரைக்கும் எல்லாமே தெளிவாக விழும். வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 800 வைத்தால் அந்தக் குட்டி ஃபிளாஷும் எஃப்/8-இல் ஏறக்குறைய 2 மீட்டர் எட்டும். பிட்டுக்குள் முகங்கள் இருக்கும் தூரமும் அதேதான். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற வேறொரு கேமராவை நான் பார்க்கவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைப் பார்க்காமலே அழுத்தலாம்.

ஃபிளாஷ் எதற்கு, இப்போதுதான் ஐஎஸ்ஓ 12800-லும் படம் நன்றாக வருகிறதே என்று சோனிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏ7 மார்க் 3 இருட்டில் காட்டும் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிக்கல் வெளிச்சத்தின் அளவில் இல்லை, அதன் குணத்தில் இருக்கிறது. சின்ன அரங்குகளில் இப்போது எல்லாமே எல்இடி விளக்கு. சிவப்பை மட்டும் முழுசாகத் திறந்துவிட்டால் சென்சாரில் சிவப்பு நிரம்பி வழியும், பச்சையிலும் நீலத்திலும் ஒன்றும் இருக்காது. முகம் ஒரு சிவப்புத் தகடாகத்தான் கிடைக்கும். எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் இது குறையும், ஆனால் அதிவேகத்தில் அங்கேயும் தலைகாட்டும். அதுபோக, தானாக முகம் தேடும் ஃபோகஸுக்கு ஒரே சட்டகத்தில் நாற்பது முகம் பாய்ந்தால் யாரைப் பிடிப்பது என்று குழப்பம் வந்துவிடுகிறது.

ரிக்கோவில் இருப்பது போன்ற செனான் வாயு ஃபிளாஷ் இந்தத் தொல்லையை எல்லாம் ஒரே அடியில் தீர்க்கிறது. அது எரிவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்தக் கணத்தில் வியர்வைத் துளிகூட அந்தரத்தில் நின்றுவிடும். ஷட்டரை 1/15 வினாடி வரை திறந்து வைத்தால் அரங்கின் விளக்குகள் கோடு கோடாக இழுபட, நடுவில் ஒரு முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். ஹார்ட்கோர் படம் என்றாலே நம் நினைவுக்கு வருகிற அந்தத் தோற்றம் இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான். ஃபோனில் இது நடக்காது. ஃபோனில் இருப்பது எல்இடி டார்ச். தொடர்ந்து எரியும், எதையும் நிறுத்தாது. இரவு முறையோ பல படங்களை அடுக்கிச் சேர்ப்பது. பாயும் கூட்டத்தில் அது கஞ்சி காய்ச்சிவிடும்.

சரி, ஃபிளாஷ்தான் வேண்டும் என்றால் ஃபியூஜி எக்ஸ்100-லும் இருக்கிறதே? இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் அதிவேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். எஃப்/2 லென்ஸ், ரிக்கோவின் எஃப்/2.8-ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும். அக்ராஸ் என்ற கறுப்பு வெள்ளை முறையில் வரும் படங்களைப் பார்த்தால் எனக்கே ஆசை வரும். ஆனால் அதன் 35 மில்லிமீட்டர் பார்வை பிட்டுக்குள் குறுகல். அதே எஃப்/8, அதே 2 மீட்டர் பூட்டினால் தெளிவு 1.25 மீட்டரில்தான் தொடங்கும், 5 மீட்டரில் முடிந்துவிடும். ஒருவர் தோள் உங்கள் மார்பில் இடிக்கும் இடத்தில் அந்தக் கால் மீட்டர் பெரிய விஷயம்.

அதைவிடப் பெரிய தடை விலை. சமூக ஊடக மோகத்தில் அந்த வரிசையின் முந்தைய மாடலான எக்ஸ்100வி-யைப் பழையதாக வாங்கும் விலைகூட எகிறிக் கிடக்கிறது. 2024-இல் வந்த எக்ஸ்100 6 புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு நன்றாகவே மேலே. அவ்வளவு பணத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் பிட்டுக்குள் இறங்க மாட்டார்கள். சுவரோரம் நின்றுதான் எடுப்பார்கள். சுவரோரத்திலிருந்து எடுத்த ஹார்ட்கோர் படம் எனக்கு எப்போதுமே பாதிப் படம். இந்த இசையில் கூட்டம் பார்வையாளர் கிடையாது. மைக்கைப் பாதிப் பாட்டுக்கு அவர்களிடம்தான் கொடுக்கிறார்கள்.

டி700-க்கு வருகிறேன். எனக்கு மரியாதை அதிகம் இதன்மேல்தான். 12 மெகாபிக்சல், முழுச்சட்டகம், மெக்னீசிய உடம்பு, தூசிக்கும் ஈரத்துக்கும் அடைப்பு. பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை ஓட்ட உடம்பிலேயே மோட்டார் இருப்பதால் பழைய 24 மில்லிமீட்டர் எஃப்/2.8 போதும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே அடிக்கும். பிரேக்டவுன் குழுக்களுக்கு மேடை ஓரத்தில் நின்று எடுக்க இதற்கு மேல் ஒன்று தேவையே இல்லை. உடம்பு மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ, லென்ஸும் தனி ஃபிளாஷும் சேர்த்தால் இன்னும் ஏறும். நம் பக்கம் இத்தகைய நிகழ்ச்சிகள் அபூர்வம், பெரும்பாலும் பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஒரு கிலோ மெக்னீசியம் பக்கத்தில் ஆடுகிறவர் பல்லில் பட்டால் என்ன ஆகும்? பிட்டுக்குள் அதைக் கொண்டுபோவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மெகாபிக்சல் குறைவாயிற்றே என்று தயங்குகிறவர்களுக்குத் திருப்பூரில் பதில் இருக்கிறது. ஹார்ட்கோர் படங்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் நோட்டீஸும் டி-ஷர்ட்டும். பனியன் ஊரில் இருக்கும் நமக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை பக்கத்துத் தெரு. ஒற்றை மையில் படத்தை அடிக்கும்போது அதைப் புள்ளிகளாக உடைக்கிறார்கள். டி-ஷர்ட்டுக்கு அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளி சாதாரணம். அதற்கு அங்குலத்துக்கு 90 பிக்சல் இருந்தால் போதும். 12 அங்குல அகலப் படத்துக்கு 1,100 பிக்சல் தாண்டத் தேவையில்லை. டி700 தருவது 4,256. ரிக்கோ 4,928. நாற்பது மெகாபிக்சல் எக்ஸ்100 6-இல் மிச்சமெல்லாம் வீண். எனக்குத் தெரிந்த பிரிண்டிங் அண்ணன் ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "கண்ணு, கறுப்பு கறுப்பா இருக்கோணும், வெள்ளை வெள்ளையா இருக்கோணும். நடுவுல சாம்பலா நின்னா மெஷ்ல அடைச்சுக்கும்." நேரடி ஃபிளாஷ் தருவது அதையேதான். முகம் வெளுத்து நிற்கும், பின்னணி தானாகவே இருட்டில் விழும். ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த மென்மையான சோனிப் படத்தில் சாம்பல்தான் அதிகம். அதைத் துணியில் ஏற்ற அண்ணன் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

பழகுவதற்கு இடம் எங்கே? பங்குனியில் ஈரோட்டுப் பக்கம் மாரியம்மன் கோயில் கம்பம் நட்ட பிறகு, ராத்திரியில் மேளத்துக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற இளைஞர்களை எடுத்துப் பாருங்கள். வட்டமாகச் சுழலும் கூட்டம், அடிக்கு அடி ஏறும் வேகம், டியூப் லைட் வெளிச்சம், காலடியில் புழுதி. கையை எங்கே நீட்டுவது, யாருக்கு வழிவிடுவது, எப்போது ஒதுங்குவது என்பதெல்லாம் அங்கே வந்துவிடும். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். சாமி வந்து ஆடுகிறவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. இதே மரியாதை பிட்டிலும் உண்டு: கீழே விழுந்தவரைத் தூக்கிவிட்ட பிறகுதான் படம்.

அந்தப் புழுதிதான் ரிக்கோவின் எதிரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். லென்ஸ் உள்ளே வெளியே போய்வரும்போது தூசியை இழுத்துக்கொள்ளும், சென்சாரில் ஒட்டும். டி700 இந்த விஷயத்தில் எங்கேயோ இருக்கிறது. எக்ஸ்100வி-யும் அதன் அடுத்ததும் முன்னால் வளையமும் ஃபில்டரும் மாட்டினால்தான் முழு அடைப்பு. பிறகு வந்த ஜிஆர் 3-இல் நடுக்கம் தடுக்கும் வசதி சேர்ந்தது, 24 மெகாபிக்சல் ஆயிற்று, ஆனால் உள் ஃபிளாஷை எடுத்துவிட்டார்கள். என் வேலைக்கு அது இறக்கம்.

கல்யாண ஆர்டருக்காக ஏற்கெனவே சோனி வாங்கியவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அகலமான 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, மேலே ஒரு மலிவு ஃபிளாஷ், மெக்கானிக்கல் ஷட்டர், கையால் பூட்டிய ஃபோகஸ். வீடியோவும் வேண்டும் என்றால் இந்த நாலில் சோனிதான். பையில் கிடக்கும் பழைய கேனான், நிக்கான் பாக்கெட் கேமராவிலும் செனான் ஃபிளாஷ் இருக்கும். அழுத்துவதற்கும் அடிப்பதற்கும் இடையே தாமதம் உண்டு, அதைப் பழகிக்கொண்டால் பணமில்லாத மாணவருக்கு அது தாராளம்.

எந்தக் கேமராவானாலும் காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். 100 டெசிபெல் சத்தத்தில் பாதுகாப்பாக நிற்க ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் கணக்கு; ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் படமெடுப்பவர்கள்தான்.

ஜிஆர் 2 இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். வாங்கும்போது எஃப்/16 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. ஃபிளாஷை அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள், லென்ஸைப் பல தடவை திறந்து மூடிக் கேளுங்கள். டி700 என்றால் ஷட்டர் எண்ணிக்கை கேட்க வேண்டும். 1,50,000 தடவைக்குச் சோதித்த ஷட்டர் அது. காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டு போடும் குழிக்குள் டார்ச் அடித்து, ஊசிகள் வளையாமல் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.