மறி மயிர் வெட்டும் வில் கத்தரி: ஒரு மாரி முழுக்கப் பாவித்த பிறகு

நிலாவெளிப் பக்கம் எங்கள் பட்டியில் 18 மறிகள் (செம்மறி ஆடுகள்) நிற்கின்றன. முந்தைய மாரியில் ஒரு தாய் மறி கூட்டத்தை விட்டு ஒதுங்கி, வாலை உதறி உதறி, பின்காலால் நிலத்தை உதைத்துக்கொண்டு நின்றது. கிட்டப் போனால் கெட்ட வாடை. கழிச்சல் பட்டுக் காய்ந்து கட்டியாய் இருந்த வாலடி மயிரை விலக்கினேன். கீழே தோல் சிவந்து கசிய, அரிசி மணி போலப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. வீட்டுக் கத்தரியால் அவசரமாக வெட்டப் போய்த் தோலையும் வெட்டிவிட்டேன். பாவம், அது கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் திருகோணமலை டவுனில் இந்த வில் கத்தரியை 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு அலகும் பின்னால் வளைந்த ஒரே இரும்பு. அமத்தினால் வெட்டும், விட்டால் தானாக விரியும். அதனால் மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்கலாம். தோல் சுருங்கிய இடத்தில்தான் காயம் விழும்.

இலையான் நனைந்து நாறும் மயிரைத் தேடி வந்து முட்டை போடுகிறது. மழை விட்டு வெயில் எறித்தால் ஒரே நாளில் பொரித்துவிடும். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே எல்லா மறிக்கும் வாலடியும் உள்தொடையும் ஒட்ட வெட்டினேன், கழிச்சல் நிற்கக் குடற்புழு மருந்தும் கொடுத்தேன். தை வரை வாலடியில் ஒன்றுக்கும் புழு இல்லை! முட்கம்பி கீறிய ஒரு கிடாய்க்கு மட்டும் காயத்தில் புழு வைத்தது. அது உயிருள்ள சதைக்குள் திருகி இறங்கும் வேறு இனம். கத்தரி அங்கே உதவாது, மிருக வைத்தியரிடம்தான் போனேன்.

குறையும் உண்டு. அலகைப் பூட்டி வைக்கும் கொளுவி இரண்டாம் கிழமையே உடைந்தது. கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், இப்போது கயிற்றால் கட்டி வைக்கிறேன். கடற்காற்றுக்குத் துருவும் சீக்கிரம் ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். வில்லும் விறைப்பு, அம்மாவால் அமத்த முடியவில்லை.

ஆனாலும் பத்து மறிக்கு மேல் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள். கொளுவியைக் கடையிலேயே பத்துத் தரம் பூட்டித் திறந்து பாருங்கள். அப்புறம், புழுவோடு வெட்டிய மயிரை நிலத்தில் போட வேண்டாம், புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி இலையானாய் வெளியே வரும். நான் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன்.