உதகை வீட்டுப் பசுமைக்குடிலுக்கு எல்.இ.டி. வளர்ப்பு விளக்குகள்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

உதகையில் எங்கள் வீட்டின் பின்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட ஒரு பசுமைக்குடில் இருக்கிறது. ஜி.ஐ. குழாய்ச் சட்டம், மேலே 200 மைக்ரான் (0.2 மி.மீ.) தடிமனுள்ள புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் விரிப்பு, பக்கங்களில் பூச்சிவலை. உள்ளே லெட்யூஸ், செலரி, கொஞ்சம் ஸ்ட்ராபெரி, நாற்றுத் தட்டுகள், ஒரு மூலையில் என் மனைவி வளர்க்கும் சாமந்தித் தொட்டிகள். இந்தக் குடிலில் லெட்யூஸ் பாத்திக்கு மேல் நான் பொருத்தியிருக்கும் ஆறு எல்.இ.டி. பட்டைகளைப் பற்றியதே இந்த மதிப்புரை. ஒவ்வொன்றும் நான்கு அடி நீளம், 36 வாட். கோவையில் ஒரு சிறு பட்டறையில் கோத்துக் கொடுத்தவை; ஒளி தரும் சில்லுகள் சாம்சங் எல்.எம்.301பி, வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கி மீன்வெல் நிறுவனத்தின் 120 வாட் பெட்டிகள் இரண்டு. இரண்டு தென்மேற்குப் பருவமழைக் காலங்களை இவை கடந்துவிட்டன. வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை, வாங்குவதைவிட முக்கியமானது.

வளர்ப்பு விளக்கு பற்றி வெளிநாட்டவர் எழுதுபவை பெரும்பாலும் குளிர்காலத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நெதர்லாந்திலோ கனடாவிலோ டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுவதால் அவர்களுக்கு விளக்கு தேவைப்படுகிறது. நீலகிரியின் கதை வேறு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தாலும் பகலில் பளிச்சென்று வெயில் அடிக்கும். அப்போது பயிருக்குக் குறை வெப்பமே தவிர ஒளி அல்ல. ஒளிப்பஞ்சம் வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மூடுபனி மலையைவிட்டு நகராமல் நிற்கும் நாட்களில். ஆகவே எத்தனை மணி நேரம் இருட்டு என்பதைக் கணக்கிட்டு விளக்கு வாங்கினால் நமக்குத் தவறாகவே முடியும். பகலில் எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதை அளந்தாக வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண லக்ஸ் மீட்டரே போதும். இலைகள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் எண்ணிக்கையை மைக்ரோமோலில் சொல்வார்கள். சூரிய ஒளியைப் பொறுத்தவரை லக்ஸ் அளவை 54-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஜூலை மாதத்தில் ஒரு பனிமூட்ட நாளில் நண்பகலில் பாத்தியின் மட்டத்தில் நான் அளந்தபோது 9,000 லக்ஸ் காட்டியது. அன்று மாலையே ஏணி போட்டு, மேல்விரிப்பில் படிந்திருந்த பாசியையும் தூசியையும் மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினேன். அடுத்து வந்த அதே போன்ற நாளில் அதே இடத்தில் 11,500 லக்ஸ். ஒரு வாளித் தண்ணீரில் கிடைத்த அந்தக் கூடுதல் ஒளியை விளக்கால் பெறுவதென்றால் மாதாமாதம் மின்கட்டணம் கட்டியிருக்க வேண்டும். விளக்குக் கடைக்குப் போகும் முன் விரிப்பைக் கழுவுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கழுவிய பின்பும் குறை இருந்தது. 11,500 லக்ஸ் என்பது 213 மைக்ரோமோல். காலையும் மாலையும் சேர்த்துச் சராசரி 100 என்று வைத்தால், நல்ல வெளிச்சமுள்ள 11 மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 4 மோல் ஒளிதான் சேர்கிறது (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). கணக்கு எளிது: மைக்ரோமோலை மணி நேரத்தாலும் 0.0036-ஆலும் பெருக்க வேண்டும். லெட்யூஸ் செழிப்பாக வளர நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் தேவை. தெளிவான ஜனவரி நாளில் எங்கள் குடிலுக்குள் 20 மோலைத் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜூலையில் நாற்றுகள் ஏன் விரல் நீளத் தண்டோடு, வெளிறி, கதவுப் பக்கமாகச் சாய்ந்து நின்றன என்பது புரியும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிவதற்கு முன்பு நான் ஒரு தவறு செய்தேன். இணையத்தில் "1000 வாட்" என்று அச்சிட்ட பெட்டியில் ஓர் ஊதா நிற விளக்கை வாங்கினேன். மின்நுகர்வு மானியில் செருகிப் பார்த்தபோது அது எடுத்துக்கொண்டது 105 வாட். அந்த ஏமாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அதன் நிறம். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த ஊதா வெளிச்சத்தில் ஒரு செடியும் அதன் உண்மையான நிறத்தில் தெரியாது. ஒரு நாள் காலை விளக்கு அணைந்திருந்த நேரத்தில் தற்செயலாக ஸ்ட்ராபெரி இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. ஒரு வாரமாக இரு வேளையும் அந்தச் செடியின் முன்னால் நின்றிருக்கிறேன், கண்ணுக்குப் படவே இல்லை. தோட்டக்காரனின் கண்ணை மறைக்கும் விளக்கு எவ்வளவு திறன் வாய்ந்ததாக இருந்தாலும் எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இலை பச்சையொளியைப் பயன்படுத்தாது, சிவப்பும் நீலமும் போதும் என்ற வாதமும் சரியல்ல. 1970-களின் தொடக்கத்திலேயே கீத் மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்வகைகளின் இலைகளை அளந்து, பச்சை, மஞ்சள் ஒளியிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடக்கிறது என்று காட்டிவிட்டார். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளுக்குள் நீலச் சில்லின்மேல், நீல ஒளியின் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூசியதுதான். அந்த நீலச் சில்லுக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். வெள்ளையொளியோடு 660 நானோமீட்டர் அடர்சிவப்புச் சில்லுகள் சிலவற்றைச் சேர்த்துவிட்டால் பயிருக்கும் நிறைவு, நமக்கும் இலை இலையாகத் தெரியும். கோவைப் பட்டைகளில் இந்தக் கலவைதான் இருக்கிறது. சோடியம் ஆவி விளக்கையும் யோசித்தேன். குளிர் இரவில் அது வெப்பமும் தரும் என்பது உண்மையான நன்மை; எல்.இ.டி. அந்த வகையில் உதவாது. ஆனால் எங்கள் குடிலில் கூரைக்கும் பாத்திக்கும் இடையே இருக்கும் உயரம் குறைவு. அவ்வளவு சூடான விளக்கை விரிப்புக்கு அருகில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை பட்டைகள் என்பதைப் பாத்தியின் பரப்பே தீர்மானித்தது. 8 அடிக்கு 4 அடி, அதாவது 3 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பட்டறைக்காரர் ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2.5 மைக்ரோமோல் கிடைக்கும் என்றார். ஆறு பட்டைகளுக்கு 540. மேலுறையிலும் பாத்திக்கு வெளியேயும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால் பயிரின் மேல் சதுர மீட்டருக்குச் சராசரியாக 144 விழ வேண்டும். தோட்டக்கலை படித்த நண்பர் ஒருவரின் அப்போஜி கருவியை (மைக்ரோமோலை நேரடியாகக் காட்டும் மானி) இரவல் வாங்கி, பட்டைகளை இலைக்கு 50 செ.மீ. மேலே நிறுத்தி, இருட்டிய பிறகு பாத்தியைக் கட்டம் கட்டமாக அளந்தேன். நடுவில் 165, ஓரங்களில் 110, சராசரி 140. சொன்னதற்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு நெருக்கம் இருந்தது இந்தப் பொருளின் மீது எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது. 14 மணி நேரம் எரிந்தால் 7 மோல். சூரியன் தரும் 4-உடன் சேர்த்து 11. பனிமூட்ட நாளின் குறை ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது.

அகலப் பலகை விளக்கை விட்டு ஒல்லியான பட்டைகளைத் தேர்ந்ததற்குக் காரணம் நிழல். அறைக்குள் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. குடிலிலோ, விளக்கு வெயிலை மறைத்தால், கொடுப்பதைவிட எடுப்பது அதிகமாகிவிடும். எங்கள் பாத்தி கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. பட்டைகளை அதன் குறுக்கே, வடக்கு தெற்காக, 16 அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். இப்படி வைத்தால் பட்டையின் நிழல் காலையிலிருந்து மாலைக்குள் பாத்தி மேல் நகர்ந்துகொண்டே போகும். கிழக்கு மேற்காக வைத்திருந்தால் நாள் முழுதும் ஒரே வரிசைச் செடிகளின் மேல் கோடு போட்டதுபோல் கிடந்திருக்கும். தொங்கவிட ஜி.ஐ. சங்கிலியும் கொக்கியும் பயன்படுத்தினேன். செடி வளர வளர ஒரு கண்ணி மேலே மாற்றிக்கொள்வது இரண்டு நிமிட வேலை.

மின் இணைப்புதான் இந்த வேலையின் உயிர்நாடி. குடிலுக்குள் எந்நேரமும் ஈரம். விடியற்காலையில் சட்டத்தின் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கும். எங்களுக்கு வேலை செய்த எலக்ட்ரீசியன் அனுபவசாலி. உள்ளே நுழைந்து ஒருமுறை மேலே பார்த்தவர், "சார், 230 வோல்ட்டை உள்ளேயே கொண்டுவர வேண்டாம்" என்றார். அதுவே சரியான யோசனையாக அமைந்தது. மீன்வெல் பெட்டிகள் இரண்டையும் வீட்டுச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் பொருத்தினோம். அங்கிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் மட்டும் 1.5 சதுர மி.மீ. ஒயரில் எட்டு மீட்டர் கடந்து குடிலுக்குள் வருகிறது. வழியில் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. ஈரக் கையோடு விளக்கைத் தொட நேர்ந்தாலும் அச்சம் மிகக் குறைவு. 230 வோல்ட் பக்கத்தில் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உண்டு. எர்த்திங் சரிபார்த்த பிறகே இணைப்புக் கொடுத்தார். ஒயர் ஒவ்வொரு பெட்டிக்குள் நுழையும் முன்பும் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, அடிப்பக்கத்திலிருந்து மேலேறி நுழையும்படி செய்தார். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. மழைநாளில் நின்று பார்த்தால் சொட்டுவது கண்ணுக்கே தெரிகிறது. இடி மின்னல் மிகுந்த மலை என்பதால் மின்னெழுச்சித் தடுப்பானும் சேர்த்துக்கொண்டோம்.

டைமரில் இரண்டு பாடங்கள். மலிவான பல்சக்கர டைமர் மின்தடையின்போது நின்றுவிடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு வாரத்தில் எங்கள் "காலை ஐந்து மணி" எட்டு மணியாகிவிட்டது. பேட்டரியுள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். மேலும், எல்.இ.டி. மின்வழங்கிகள் எரியத் தொடங்கும் நொடியில் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். டைமரின் உள்முனைகள் அதில் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், இடையில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சு) வைப்பது நல்லது.

இனி சாமந்தி. முதல் ஆண்டு நவம்பரில் மற்ற வீடுகளில் எல்லாம் சாமந்தி பூத்துக் குலுங்க, எங்கள் தொட்டிகளில் இலை மட்டுமே செழித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. சாமந்தி நீண்ட இரவை உணர்ந்தால்தான் மொட்டு வைக்கும். கொய்மலர் சாகுபடி செய்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றே இரவில் பல்பு எரிய விடுவது இதனால்தான். லெட்யூஸ் விளக்கிலிருந்து மூலைக்குச் சிதறிய மங்கலான வெளிச்சமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. செப்டம்பர் பிறந்ததும் இப்போது அந்த மூலைக்கு மாலை ஐந்தரை மணிக்குக் கறுப்புத் துணித் திரை இழுத்துவிடுகிறோம். சென்ற ஆண்டு மனைவி முதல் பூவைப் பறித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தபோதுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

பலன் என்ன? ஜூலையில் நட்ட லெட்யூஸ் முன்பு அறுவடைக்கு 70 நாள் எடுத்து, அப்போதும் தளர்ந்தே இருந்தது. விளக்கு வந்தபின் 48 நாளில் கைக்கு அடங்காத கொத்து. நாற்றுகள் குட்டையாக, தடித்த தண்டோடு நிற்கின்றன. செலவு: பட்டைகளும் மின்வழங்கிகளும் 19,000 ரூபாய், இணைப்பு வேலைக்குச் சாமானோடு 6,500 ரூபாய். சுவரில் அளந்தால் 230 வாட். பனிமூட்ட நாளுக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். வெயில் நாட்களில் அணைத்துவிடுவதால் ஜூலை, ஆகஸ்டு இருமாதக் கணக்கில் கூடியது சுமார் 130 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுகளின் அளவை இதற்கு ஆறுதலாகக் கொள்ள முடியாது. வீட்டுப் பயன்பாடே அதைத் தாண்டிவிடுகிறது. விற்பனைக்காக லெட்யூஸ் வளர்ப்பவர் இந்தச் செலவை மிகக் கவனமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுத் தேவைக்கும் நாற்றுக்கும் எனக்குக் கட்டுப்படியாகிறது.

குறைகளும் உண்டு. ஐ.பி.65, அதாவது தூசியும் தெறிக்கும் நீரும் புகாதது, என்று சொல்லி விற்றாலும் ஒரு பட்டையின் முனைமூடியில் ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை. இரண்டாம் மாதத்தில் உறைக்குள் ஆவி படிந்து, ஒரு சில்லு வரிசை அணைந்தது. பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அனுப்பி வாங்க மூன்று வாரம் ஆயிற்று, அதுவும் பனிமூட்டம் உச்சத்தில் இருந்த மூன்று வாரம். வாங்குபவர்கள் பட்டை வந்தவுடன் பன்னிரண்டு முனைமூடிகளையும் திறந்து பார்த்து, வளையம் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிச் சரிபார்த்த பிறகே தொங்கவிட வேண்டும். மற்றொன்று, ஒளியைக் குறைக்கும் திருகு மின்வழங்கிப் பெட்டியின் மூடிக்குள் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஸ்குரூ டிரைவர் தேட வேண்டியிருக்கிறது. வெளியே குமிழ் வைத்த வகையைக் கேட்டு வாங்கியிருக்கலாம். நாற்றுத் தட்டுகளுக்கென்று இன்னும் இரண்டு பட்டைகள் சொல்லியிருக்கிறேன், இம்முறை குமிழோடு.