கோடைக்காலப் பழ இனிப்புக்குக் கடற்பாசியா, ஜெலட்டினா?

சித்திரை, வைகாசி வெயிலில் பழத்தின் சுவை மாறாமலும் வயிற்றுக்குப் பாரமில்லாமலும் குளிர்ந்த இனிப்பு ஒன்று செய்ய நினைப்பவர், பழச்சாற்றை எதைக்கொண்டு உறைய வைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஜவ்வரிசி சாற்றைக் கெட்டிப்படுத்துமே தவிர உறைய வைக்காது. ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்தும் போகும். ஆகவே, உண்மையான போட்டி சைனா கிராஸ் என்று விற்கப்படும் கடற்பாசிக்கும் ஜெலட்டினுக்கும்தான்.

ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம் என்பதால் சைவ உணவுக்காரர்களுக்கு ஆகாது. ஹலால் என்ற உறுதி இல்லாவிட்டால் முஸ்லிம் வீடுகளிலும் தவிர்க்கப்படும். கடற்பாசியோ, ராமேசுவரம், பாம்பன் பகுதிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்ற செம்பாசிகளிலிருந்து கிடைப்பது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது அது விரும்பிப் பரிமாறப்படுகிறது.

ஜெலட்டின் சுமார் 30 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். வாயில் வைத்ததும் அது கரைவதற்கும், மே மாதச் சென்னையில் மேசையிலேயே குழைந்துவிடுவதற்கும் காரணம் ஒன்றே. கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். மீண்டும் உருக 85 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மேலும், பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் உள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பதால், அவற்றை வேகவைக்காமல் சேர்த்தால் ஜெலட்டின் உறையவே உறையாது. கடற்பாசி புரதம் அல்லாததால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை. அடித்த கிரீமுடன் மாம்பழக்கூழ் சேர்த்துச் செய்யும் மூஸுக்கு மட்டும் ஜெலட்டினின் மென்மை கடற்பாசிக்கு வராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றபடி நம் ஊர்க் கோடைக்கு என் தேர்வு கடற்பாசியே.

அதன் அருமை இளநீரில் முழுமையாகத் தெரியும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் கடற்பாசி போதும். இன்னும் மென்மையாக வேண்டுமானால் 7 கிராமாகக் குறைக்கலாம். ஊறவைத்த இழைகளை இளநீரிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் இளநீரின் மணம் போய்விடும் என்பதால், ஒரு பங்கு தண்ணீரில் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, கரண்டியின் பின்புறத்தில் ஓர் இழைகூட ஒட்டாத அளவுக்குக் கரைந்த பின் அடுப்பை அணைத்து, மூன்று பங்கு இளநீரைக் கலக்க வேண்டும். இளநீர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. இருந்தால் கடற்பாசி அங்கங்கே திரிதிரியாகக் கட்டிவிடும். வழுக்கையையும் தோல் உரித்த நுங்கையும் கலவை லேசாக உறையத் தொடங்கும்போது போட்டால், அடியில் தங்காமல் நடுவில் நிற்கும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அதையும் அடுப்பை அணைத்த பிறகே விட வேண்டும். புளிப்போடு சேர்ந்து கொதித்த கடற்பாசி வலுவிழந்துவிடும். உறைந்த துண்டுகள் நேரமாக ஆக நீர் விடும் என்பதால், அன்று செய்ததை அன்றே சாப்பிடுவது நல்லது.