காய்ந்த நிலத்துக்குக் களைக்கொல்லி விற்கும் கடைகளிடம் எச்சரிக்கை

பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் நிலத்தில் மானாவாரி மக்காச்சோளம் போடும் விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, இந்தப் பருவத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். விதைப்புக்குப் பின் மழை விலகி, நண்பகலில் பயிரின் இலைகள் சுருண்டு நின்ற சமயத்தில், சாரணையும் கோரையும் பெருகியதால் மருந்துக்கடைக்குச் சென்றேன். நிலத்தில் ஈரம் உண்டா என்று கூடக் கேட்காமல், டெம்போட்ரையோன் மருந்தையும் அதனுடன் கலக்கும் ஒட்டுத்திரவத்தையும் எடுத்து வைத்த கடைக்காரர், "அடிச்சா ஒரு வாரத்துல களை வெளுத்துடும்ணே" என்றார்.

வெளுத்தது சாரணையின் நுனிக்கொழுந்து மட்டுமே. கீழ்க்கணுக்களிலிருந்து பச்சைத் துளிர்கள் கிளம்பிவிட்டன. கோரைக்கு ஒன்றுமே ஆகவில்லை. முறையிட்டபோது, "ஏக்கருக்கு 115 மில்லி பத்தாது, ரெண்டு மடங்கா அடிங்க" என்று இன்னொரு பாட்டிலையும், கேட்காமலே ஒரு டானிக்கையும் நீட்டினார். முதல் முறை விற்றதை அறியாமை என்று விட்டுவிடலாம். இதை ஏமாற்று என்றே சொல்வேன். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வறட்சியில் வாடும் களையின் இலையில் மெழுகுப் படலம் தடித்துவிடுகிறது. அதனால் மருந்து உள்ளே இறங்குவது குறைகிறது. இறங்கிய சிறிதளவும், செடிக்குள் சாற்றோட்டம் மந்தமாகிவிடுவதால், வளரும் குருத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்நிலையில் அளவைக் கூட்டினால் பயிருக்குத்தான் ஆபத்து. ஏனெனில் நீரின்றித் தவிக்கும் மக்காச்சோளத்தால் மருந்தை வழக்கமான வேகத்தில் சிதைத்துத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. முளைக்கும் முன் தெளிக்கும் அட்ரசின், பெண்டிமெத்தலின் போன்றவையும் ஈரமில்லாத மண்ணில் மேலாகவே தங்கிவிடுவதால், பின்னர் முளைக்கும் களைகள் தப்பிவிடுகின்றன.

ஆகவே, மண் காய்ந்திருக்கும்போது எந்தக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் களைக்கொல்லி வாங்காதீர்கள். மழைக்குப் பின் களைகள் வாட்டம் நீங்கித் துளிர்த்து, அதே சமயம் முற்றாமல் இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கையில் தெளிப்பதே பலன் தரும். அதுவரை கைக்களையோ களைக்கொத்தோதான் வழி. வாங்கும்போது தொகுதி எண்ணும் காலாவதி நாளும் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். எனக்குத் தந்த துண்டுச்சீட்டில் தொகை மட்டுமே இருந்ததால், வட்டார வேளாண்மை அலுவலகத்தில் புகார் எழுதும்போது காலிப் பாட்டிலின் லேபிளைப் பார்த்தே எல்லா விவரங்களையும் நிரப்ப வேண்டியதாயிற்று.